புதிய அரசும் பழைய நாடும்

ஓர் அரசு போய் இன்னோர் அரசு வருவதால் நொடித்துப்போன ஒரு நாடு நிமிர முடியுமா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு தயார்ப் பதில்கள் இருக்கின்றன. ஒன்று கட்சிக்காரர்களுடையது: சரியான அரசு வந்தால் எல்லாம் மாறும். மற்றது எழுதுகிறவர்களாகிய நம்முடையது: எந்த அரசு வந்தாலும் ஒன்றும் மாறாது. முதலாவதை அப்பாவித்தனம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். இரண்டாவதை யாரும் அப்படி ஒதுக்குவதில்லை. அனுபவம் கனிந்து பேசுவதுபோல அது தோற்றம் தருகிறது. ஆனால் அதுவும் ஒருவகைச் சோம்பல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா அரசுகளும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எந்த அரசையும் கூர்ந்து பார்க்கவேண்டிய சிரமம் நமக்கு இல்லை.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒரு நாட்டை, ஓர் ஆட்சியை, நான்கு வருஷங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில், 1984 வரை மேல் வோல்ட்டா என்றும் அதன்பின் புர்க்கினா ஃபாஸோ என்றும் பெயர்கொண்ட நாடு. அங்கே 1983 ஆகஸ்ட் 4 முதல் 1987 அக்டோபர் 15 வரை நடந்த தோமாஸ் சங்காராவின் ஆட்சி. இதைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், மேற்சொன்ன இரண்டு பதில்களுக்கும் இந்த ஆட்சி பிடிகொடுப்பதில்லை என்பதுதான்.

1

ஒரு நாடு நொடித்திருக்கிறது என்று சொல்லும்போது, எப்போதோ நன்றாக இருந்தது, யாரோ கெடுத்துவிட்டார்கள் என்ற தொனி அதில் இருக்கிறது. மேல் வோல்ட்டாவுக்கு அந்த வார்த்தை பொருந்தாது. கடல் இல்லாத அந்தப் பிரதேசத்தை 1919இல் பிரெஞ்சுக்காரர்கள் தனிக் காலனியாக்கினார்கள். 1932இல் அந்தக் காலனியையே கலைத்து, ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு ஸூடான், நைஜர் ஆகிய மூன்று அண்டைக் காலனிகளுக்குப் பங்கு போட்டார்கள். ஐவரி கோஸ்ட்டின் காப்பி, கோக்கோத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். பெரும் பங்கு அதற்குப் போயிற்று. 1947இல் மறுபடியும் ஒட்டவைத்தார்கள். பதினைந்து வருஷம் அந்த நாடு வரைபடத்தில் இல்லை. துறைமுகமான அபிஜானிலிருந்து கிளம்பிய ரயில் பாதை 1934இல் போபோ-தியூலாஸோவையும் 1954இல் தலைநகர் வாகடூகுவையும் எட்டியது. அந்தத் தண்டவாளத்தின்மீது தெற்கே போன சரக்குகளில் முக்கியமானது மனிதர்கள். அவர்களைத் தென்கோடித் தோட்டங்களுக்கு அனுப்பிவைக்கும் கிடங்காக உருவாக்கப்பட்ட ஒரு நாட்டை எந்த அரசும் பழைய நல்ல நிலைக்குத் திருப்ப முடியாது. திரும்புவதற்கு அப்படி ஒரு நிலை இருந்ததில்லை.

1960 ஆகஸ்டில் சுதந்திரம். முதல் ஜனாதிபதி மோரிஸ் யாமெயோகோ. ஊழியர்களின் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டப்போவதாக அவர் அரசு அறிவித்ததும், தொழிற்சங்கங்கள் தெருவுக்கு வந்தன. 1966 ஜனவரி 3ஆம் தேதி அவர் விழுந்தார். தெருவுக்கு வந்தவர்களில் முக்கியமானவர் ஜோஸஃப் கி-ஸெர்போ - பள்ளி ஆசிரியர்; பின்னால், 1972இல், கறுப்பு ஆப்பிரிக்காவின் சரித்திரத்தை ஓர் ஆப்பிரிக்கர் எழுதிய பெருநூலாக வெளியிட்டவர். ஆனால் தெரு திறந்துவிட்ட கதவின் வழியாக உள்ளே நுழைந்தது ராணுவம். லமிஸானா பதினான்கு வருஷம் ஆண்டார். 1980 நவம்பரில் அவரை ஸேய் ஸெர்போ கவிழ்த்தார். 1982 நவம்பரில் ஸெர்போவைக் கவிழ்த்து ழான்-பாப்டிஸ்ட் ஊத்ராகோ வந்தார். ஒவ்வொன்றும் அன்றைக்குப் புதிய அரசுதான். தலைவரி இருந்தது, தெற்கே போகும் ரயிலும் ஓடிக்கொண்டிருந்தது. 1983 வரையில் பார்த்தால், ஒன்றும் மாறாது என்ற நம்முடைய பதில்தான் சரி.

2

சங்காராவுக்கு அப்போது வயது 33. ராணுவத்தில் காப்டன். மடகாஸ்கரில் பயிற்சியில் இருந்தபோது, 1972இல் அங்கே மாணவர்களும் தொழிலாளர்களும் எழுந்து ஓர் ஆட்சியை இறக்கியதைக் கண்ணால் பார்த்தவர். 1983 ஜனவரியில் பிரதமராக்கப்பட்டார். மே மாதம் கைது செய்யப்பட்டார். ஆகஸ்டில் அவருடைய நண்பர் ப்ளேஸ் கொம்பாவொரே, போ என்ற எல்லை ஊரிலிருந்து தன் பாராசூட் படையை நடத்திவந்து அவரைப் பதவியில் அமர்த்தினார். வந்த வழியில் முன்னவர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் ஏதுமில்லை.

வந்தபின் செய்தவற்றில் வித்தியாசம் இருந்தது. மந்திரிகளின் மெர்ஸிடிஸ் கார்கள் விற்கப்பட்டன. பதிலுக்கு ரெனோ 5 என்ற மலிவான சிறிய கார் வந்தது. கிராமத்தானின் தலைவரி ஒழிக்கப்பட்டது. நாட்டாண்மைக்காரர்களுக்கு அவன் செலுத்திவந்த காணிக்கையும், அவர்கள் நிலத்தில் செய்துவந்த வெட்டிவேலையும் ஒழிக்கப்பட்டன. 1985இல் ஒரு வருஷம் முழுக்க வீட்டு வாடகை கொடுக்கவேண்டாம் என்றார்கள். அரசு ஊழியர்கள் உள்ளூர்ப் பஞ்சில் உள்ளூர்த் தறியில் நெய்த துணியை உடுத்த வேண்டியதாயிற்று. 1984 செப்டம்பரில் ஒருநாள், ஆண்கள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிவர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. விலைவாசி அவர்களுக்கும் தெரியட்டும் என்று.

இவற்றை வேடிக்கைகள் என்று தள்ளிவிடக்கூடாது. ஒரு சுமையை இறக்குவதற்கு நிபுணர் தேவையில்லை, கடன் தேவையில்லை, காலமும் தேவையில்லை, முடிவெடுத்தால் போதும். அந்த முடிவை எடுக்க முந்தைய நான்கு அரசுகளாலும் முடியவில்லை, அல்லது மனம் வரவில்லை. தலைவரி கட்டாத ஒரு வருஷம், நாட்டாண்மையின் வயலுக்குப் போகாமல் தன் வயலில் நின்ற ஒரு மழைக்காலம் - இது அந்த மனிதனின் வாழ்க்கையில் நடந்த மாற்றம்தான். அரசுகளிடையே வித்தியாசமில்லை என்று சொல்கிறவர் இவனை முதலில் விசாரித்துவிட்டுச் சொல்லவேண்டும்.

இதைவிடக் கடினமான காரியம் தடுப்பூசி. 1984 அக்டோபரில் ஐ.நா. சபையில் பேசியபோது தன் நாட்டின் நிலையைச் சங்காராவே எண்களாக அடுக்கினார்: 50,000 பேருக்கு ஒரு டாக்டர், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் 100க்கு 16. அடுத்த மாதமே, நவம்பர் 25ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய 15 நாட்களில், தட்டம்மை, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் மூன்றுக்கும் எதிராக 20 லட்சம் குழந்தைகள் அளவில் ஊசி போடப்பட்டது. ராணுவ லாரிகள் மருந்தைக் கொண்டுபோயின. ஊர்தோறும் ஏற்பட்டிருந்த புரட்சிப் பாதுகாப்புக் கமிட்டிகள் தாய்மார்களைத் திரட்டின. எல்லைக்கு அப்பாலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் இல்லாத ஒரு நாடு, தன்னிடம் இருந்த ஒரே ஸ்தாபனமான ராணுவத்தையும், புதிதாகப் பிறந்திருந்த உற்சாகத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்தது. பிழைத்த குழந்தைகள் பிழைத்தவர்கள்தான். பின்னால் நடந்த எதுவும் அதை அழிக்கமுடியாது.

ஆனால் பதினாறாம் நாள் ஒரு குழந்தை பிறக்கிறது. அதற்கு ஊசி போட, அந்த ஊரில் ஒரு ஆள் சம்பளத்தோடு இருக்கவேண்டும். அவனிடம் மருந்தைக் குளிரில் வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு மண்ணெண்ணெய். அவன் வேலையைப் பார்த்துக் குறை சொல்ல இன்னொருவன். பறையறைந்து இந்த ஆட்களை உண்டாக்கிவிட முடியாது. ஒரு புதிய அரசின் எல்லை இங்கேதான் தென்படத் தொடங்குகிறது.

3

மேல் வோல்ட்டாவில் அப்படிப்பட்ட ஆட்கள், அதாவது மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு கிராமத்தில் உட்கார்ந்து எழுத்தையும் எண்ணையும் அறிந்தவர்கள், பெரும்பாலும் ஒரு கூட்டத்தார்தான்: ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள். 1984 மார்ச் மாதம் அவர்களுடைய சங்கத்தின் தலைவர்கள் கைது செய்யப்பட்டார்கள். எதிர்த்து இரண்டு நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அரசு 1,300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. அந்த இடங்களில், அவசரமாகச் சில நாள் பயிற்சி கொடுக்கப்பட்ட இளைஞர்கள் அமர்த்தப்பட்டார்கள்.

அரசின் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தச் சங்கம் அரசியலுக்கு அப்பாற்பட்டதல்ல. அதன் தலைமைக்கும் கி-ஸெர்போவின் கட்சிக்கும் உறவு இருந்தது. நாட்டின் வரவு செலவில் பெரும் பகுதி ஒரு சிறுபான்மைக்குச் சம்பளமாகப் போய்க்கொண்டிருந்தது. வரி கொடுத்த விவசாயிக்கு அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. சங்காராவுக்கு நகரத்துச் சம்பளக்காரன்மீது இருந்த கோபம் பொய்க் கோபம் அல்ல. ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் 100க்கு 16 என்று உலகத்தின் முன் வருந்திய ஆட்சி, அந்த வருந்தலுக்கு ஏழு மாதம் முன்புதான் 1,300 ஆசிரியர்களை இழக்கச் சம்மதித்திருந்தது. வேலையிழந்தவர்களில் நல்லவர், சோம்பேறி, கட்சிக்காரர், கட்சியே தெரியாதவர் எல்லோரும் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: கூடாது என்று இரண்டு நாள் சொன்னார்கள்.

அதே வருஷம் ஜூனில், சதி செய்ததாக ஏழு பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஊழலை விசாரிக்க மக்கள் நீதிமன்றங்கள் ஏற்பட்டு, விசாரணை வானொலியில் ஒலிபரப்பானது. வக்கீல் கிடையாது. முதலில் நிறுத்தப்பட்ட முன்னாள் ஜனாதிபதி லமிஸானா குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார் என்பதையும் மறைக்கக்கூடாது; அந்த நீதிமன்றங்கள் வெறும் நாடகம் அல்ல. இருந்தாலும், தீர்ப்பு சரியாக அமைந்த இடங்களிலும், அது சரியாக அமையும்படி நிர்ப்பந்திக்க யாரும் இல்லை.

பிறகு, 1984 ஆகஸ்டில், பெயர் மாற்றம். எழுதுகிற எவருக்கும் அந்தப் பெயர் பிடிக்கும், எனக்கும் பிடித்திருக்கிறது. புர்க்கினா என்பது மோரே மொழிச் சொல்: நேர்மையுள்ள, தலைகுனியாத மனிதர்களைக் குறிப்பது. ஃபாஸோ என்பது தியூலா மொழியில் தந்தையின் வீடு. அந்த நாட்டு மக்களைக் குறிக்கும் புர்க்கினாபே என்ற சொல்லின் விகுதி ஃபுல்ஃபுல்தே மொழியிலிருந்து வந்தது. மூன்று ஆறுகளை வைத்துப் பிரெஞ்சுக்காரர்கள் சூட்டிய பெயரை எடுத்துவிட்டு, மூன்று மொழிகளிலிருந்து ஒரு பெயரைச் செய்தார்கள். தேசிய கீதத்தையும் மாற்றினார்கள். எந்த அரசும் இவ்வளவு நேர்த்தியாகச் சொற்களைக் கையாண்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் தலைகுனியாத மனிதர்களின் நாடு என்று ஆகஸ்டில் பெயர் வந்தது. தலைகுனிய மறுத்த 1,300 பேர் மார்ச்சிலேயே வெளியே அனுப்பப்பட்டிருந்தார்கள்.

கி-ஸெர்போ 1983இலேயே நாட்டைவிட்டுப் போய் டக்காரில் இருந்தார். இல்லாதவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான புத்தகங்கள் கொண்ட அவருடைய நூலகம் சூறையாடப்பட்டது. நாட்டின் சரித்திரத்தை மாற்றப் புறப்பட்ட அரசும் அந்தக் கண்டத்தின் சரித்திரத்தை எழுதியவரும் ஓர் ஊரில் இருக்கமுடியாமல் போயிற்று.

4

இதே வருஷங்களில், நாட்டின் வடக்கில் யாத்தெங்கா என்ற பகுதியில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அரசைப் பற்றிப் பேசும் கட்டுரையில் அதற்கு என்ன இடம் என்று கேட்கலாம். அரசினால் ஆகாத ஒன்று எப்படி ஆயிற்று என்று பார்த்தால்தான், அரசினால் ஆனதன் அளவு நமக்குத் தெரியும்.

எழுபதுகளின் வறட்சியில் அங்கே நிலம் ஓடுபோல இறுகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். இளைஞர்கள் தெற்கே ரயிலேறினார்கள். 1980ஐ ஒட்டி யாகூபா ஸவாதோகோ என்ற விவசாயி, ஸாய் என்று அங்கே பழக்கத்தில் இருந்த குழி முறையை எடுத்துத் திருத்தினார். கோடையிலேயே நிலத்தில் வரிசையாகச் சிறு குழிகள் தோண்டவேண்டும். வழக்கத்தைவிட அகலமாக, ஆழமாக. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எரு. எருவைத் தேடிக் கறையான் வரும். கறையான் மண்ணைத் துளைக்கும். துளை வழியே மழைநீர் இறங்கும். முதல் மழைக்கு முன் நிலத்தைத் தொடாத ஊரில் கோடையில் குழி வெட்டியவனைப் பைத்தியம் என்றார்கள். கம்பும் சோளமும் விளைந்தபின் பார்க்க வந்தார்கள். 1979இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் திட்டமொன்று, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை விவசாயிகளிடம் கொடுத்தது. அதை வைத்து, சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் அவர்கள் கல்வரிசைகளைப் போட்டார்கள். குழியும் கல்வரிசையும் சேர்ந்து, பின்வந்த முப்பது வருஷங்களில், இறுகிப்போன நிலத்தில் லட்சக்கணக்கான ஏக்கரை மீட்டன.

இது ஒரே அரசின் காலத்தில் முடிந்த காரியம் அல்ல. குழி வெட்டிக்கொண்டிருந்தவனின் தலைக்குமேல் அரசுகள் வந்து போயின. சங்காராவின் அரசு அதற்கு உதவவில்லை என்றும் சொல்லமுடியாது. மரம் நடுவதையும் மண் காப்பதையும் அது பெரிய இயக்கமாக்கியது. ஆனால் அரசு இந்த மனிதனுக்கு என்ன செய்யமுடியும் என்பதைவிட, அவனிடமிருந்து எதை எடுத்துக்கொள்ள முடியும் என்பது தெளிவாகத் தெரிகிறது. 1984இல் நிலமெல்லாம் அரசுடைமை என்று சட்டம் வந்தது. அந்தக் கொள்கை சங்காராவுக்குப் பின்னும் நீடித்தது. ஸவாதோகோ பாழ்நிலத்தில் ஒரு காட்டையே வளர்த்தார், அதற்காக 2018இல் சர்வதேசப் பரிசு பெற்றார், 2023இல் காலமானார். அவர் உயிரோடிருக்கும்போதே, உவாகிகூயா நகர விஸ்தரிப்புக்கென்று அந்தக் காட்டின் ஒரு பகுதி மனைகளாக அளக்கப்பட்டது.

5

1987 ஜூலை 29ஆம் தேதி அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்கத் தலைவர்களிடையே சங்காரா பேசினார். கடனைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, எல்லோரும் சேர்ந்து மறுக்கவேண்டும், என் நாடு மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டில் நான் இருக்கமாட்டேன் என்ற பொருளில் சொன்னார். அக்டோபர் 15ஆம் தேதி, வாகடூகுவில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது, அவரும் உடனிருந்த பன்னிரண்டு பேரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஆட்சி கொம்பாவொரேயின் கைக்கு வந்தது. 27 வருஷம் இருந்தது. 2022இல் வாகடூகு ராணுவ நீதிமன்றம் இந்தக் கொலைக்காக, நாட்டில் இல்லாத கொம்பாவொரேவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

கொலையாளிகள் யார் என்பதைவிட இந்தக் கட்டுரைக்கு முக்கியமான கேள்வி, மறுநாள் என்ன நடந்தது என்பது. புதைத்த இடத்துக்கு ஜனங்கள் வரிசையாகப் போய் அழுதார்கள். கூதுகு ஊரில் ஒரு படைப்பிரிவு சில நாள் எதிர்த்து நின்று நசுக்கப்பட்டது. மற்றபடி நாடு அசையவில்லை. ஒரு நாட்டை அசைக்கத் தெரிந்தவர்கள், 1966இல் அசைத்துக் காட்டியவர்கள், சங்கத்துக்காரர்கள். அவர்கள் உடைக்கப்பட்டிருந்தார்கள், அல்லது மனம் கசந்திருந்தார்கள். புரட்சிக் கமிட்டிகளோ அரசு உண்டாக்கியவை. அரசு கைமாறியதும் அவற்றுக்கு நிற்க நிலம் இல்லை. நீக்கப்பட்ட ஆசிரியர்களில் சிலரைச் சங்காராவே கடைசிக் காலத்தில் திரும்ப எடுக்கத் தொடங்கியிருந்தார். மிச்சத்தைச் செய்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டது அவரைக் கொன்றவர்களின் அரசு. 1991இல் சர்வதேச நிதி நிறுவனத்தோடு ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று.

இதற்கு எதிரிடையாக இன்னொரு நிகழ்ச்சித் தொடரை வைத்துப் பார்க்கிறேன். 1998 டிசம்பரில், ஜனாதிபதியின் சகோதரருடைய கார் டிரைவர் இறந்ததைத் துருவிக்கொண்டிருந்த பத்திரிகாசிரியர் நோர்பேர் ஸோங்கோ கொல்லப்பட்டார். தெருக்கள் நிறைந்தன. முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், 1992இல் ஊர் திரும்பியிருந்த, 76 வயதான கி-ஸெர்போ. கொம்பாவொரே விழவில்லை, ஆனால் 2000இல், ஜனாதிபதி பதவி இரண்டு தவணைக்குமேல் கூடாது என்ற வரியை அரசியல் சட்டத்தில் மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு அது ஒரு சிறிய விட்டுக்கொடுப்பாகத்தான் தெரிந்திருக்கும். 2014 அக்டோபரில் அந்த வரியை எடுத்துவிட முயன்றபோதுதான் ஜனங்கள் பார்லிமென்ட் கட்டடத்தை எரித்தார்கள், அவர் நாட்டைவிட்டு ஓடினார். 2015 செப்டம்பரில் அவருடைய பழைய மெய்க்காவல் படை, ஜெனரல் தியெந்தெரே தலைமையில், இடைக்கால அரசைக் கவிழ்த்தது. சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. இளைஞர்கள் சாலைகளை மறித்தார்கள். மற்றப் படைகள் தலைநகரை நோக்கி வந்தன. ஒரு வாரத்தில் சதி தோற்றது.

1987இல் நேசிக்கப்பட்ட ஓர் அரசைக் காப்பாற்ற யாரும் இல்லை. 2015இல் யாரும் அவ்வளவாக நேசிக்காத ஓர் இடைக்கால அரசைக் காப்பாற்ற ஆள் இருந்தது. இதில் ஒரு முரண் இருக்கிறது. 2014இல் தெருவுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் 1987இல் பிறந்திருக்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது சங்காராவின் படம். கார் இல்லாமலும் அரசு நடக்கும் என்று நான்கு வருஷம் காட்டிவிட்டுப் போனவரின் ஞாபகமும், அவர் நசுக்கப் பார்த்த சங்கங்களின் பழக்கமும் சேர்ந்துதான் அந்த வெற்றி கிடைத்தது.

6

வெற்றி அங்கேயே நிற்கவில்லை. 2015க்குப் பிறகு வடக்கிலிருந்து ஆயுதக் குழுக்கள் வந்தன. தேர்தலில் வந்த அரசு தன் சிப்பாய்க்குச் சோறு அனுப்பக்கூட லாயக்கற்றது என்பது 2021 நவம்பரில் இனாட்டாவில் தெரிந்தது. பட்டினியோடு காவல் நின்ற 50 பேர் அளவுக்கு அங்கே கொல்லப்பட்டார்கள். 2022 ஜனவரியில் ஒரு ராணுவப் புரட்சி, செப்டம்பரில் இன்னொன்று. 2023இல் அரசுக் கணக்கின்படியே இடம்பெயர்ந்தோர் 20 லட்சத்துக்கு மேல். யாத்தெங்காவின் குழி வெட்டிய வயல்களை விட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. 2022 செப்டம்பரில் வந்தவரும் ஓர் இளம் காப்டன். தலைநகரில் ஷார்ல் த கோல் பெயரில் இருந்த பெருஞ்சாலைக்கு 2023இல் சங்காராவின் பெயர் வந்தது. அதே வருஷம், விமர்சித்த சிலருக்குப் போர்முனைக்குப் போகும்படி ஆணை போயிற்று. வாகடூகுவில் ஒரு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொன்னது. அப்படிச் சொல்ல ஒரு நீதிமன்றம் மிஞ்சியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஆகவே, புதிய அரசு ஒரு நாட்டைச் சீர்திருத்த முடியுமா என்றால், முடியும் என்றே சொல்வேன். முதல் வருஷத்தில் அது இறக்கிவைக்கும் சுமைகள் உண்மையானவை. பதினைந்து நாளில் அது காப்பாற்றும் உயிர்கள் உண்மையானவை. ஒன்றும் மாறாது என்கிறவர் இவற்றுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஆனால் அந்தச் சீர்திருத்தம் அரசின் ஆயுளைத் தாண்டி இருக்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு அரசின் நோக்கத்தையோ தலைவரின் நேர்மையையோ பார்த்துப் பயனில்லை; சங்காராவின் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. அரசு உண்டாக்காத, அரசை நம்பி இல்லாத மனிதர்கள் - ஒரு சங்கம், ஒரு பத்திரிகை, ஒரு சரித்திராசிரியர், கோடையில் குழி வெட்டும் ஒரு விவசாயி - அவர்களில் எத்தனை பேரை அந்த அரசு விட்டுவைத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். நான் எண்ணத் தொடங்குவது அந்த இரண்டு நாள் வேலைநிறுத்தத்திலிருந்து.